இடப்பக்கம் விழுந்த வண்டி

22.5.96, புதன்

சனிக்கிழமை விழுந்த இடத்தில், யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டு வேலியோரம் நான்கு நாளாக நின்ற மோட்டார் சைக்கிள் இன்றுதான் வீட்டுக்கு வந்தது. பக்கத்து யூனிட் பாஸ்கரன் எங்கேயோ ஒரு டிரெய்லர் கேட்டு வாங்கி ஏற்றிவந்தார். கராஜில் இறக்கும்போது, "சார், வண்டிக்கு ஒண்ணுமே ஆகலையே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். மதுரைக்காரர், வாயில் வந்ததைச் சொல்லிவிடுவார்.

அவர் போன பிறகு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே பார்த்தேன். இடப்பக்கக் கண்ணாடி இல்லை. கிளட்ச் பிடி வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. முன் சிக்னல் லைட் வயரில் தொங்குகிறது. இடது கால்மிதி மேலே மடிந்துவிட்டது. பெற்றோல் டாங்கியில், தேசிக்காயை வைத்து அமுக்கியதுபோல ஒரு பள்ளம். என்ஜின் மூடியில் சிராய்ப்பு. எல்லாம் இடப்பக்கம். வலப்பக்கம் நின்று பார்த்தால் கடைக்குப் போய்வந்த வண்டி மாதிரி இருக்கிறது.

ரதி இருந்ததும் இடப்பக்கம்தான். சேலையோடு, இரண்டு காலையும் ஒரு பக்கம் போட்டு, கல்யாணம் முடித்த நாளிலிருந்து எனக்குப் பின்னால் இருக்கிற மாதிரியே. இடுப்பு எலும்பு முறிந்து ஞாயிற்றுக்கிழமை ஆணி வைத்தார்கள்.

நடந்து போகிற வேகம்தான் இருந்திருக்கும். அதற்கு இது.

23.5.96, வியாழன்

இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரி. கௌரி வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். என் மகள் என்னோடு கதைக்காமல் தாயின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அரை மணித்தியாலம் பிந்தும் எண்டுதானே போன் பண்ணினனான். ஏன் அம்மாவை ஏத்தினனீங்கள்?"

பூசைக்குப் பிந்திப் போக விருப்பமில்லை என்றேன். உண்மை அதில் பாதி. இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருடமாக எங்கே போவதென்றாலும் யாராவது வந்து ஏற்றும்வரை உடுத்திக்கொண்டு ஜன்னலடியில் இருக்கிறோம். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. 'வாரும், நாங்களே போவம்' என்றேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

"எப்பிடி விழுந்தது? கார் ஒண்டும் தட்டேல்லையே."

விளங்கப்படுத்தினேன். பேனையைத் தண்ணீர்க் கிளாசின் விளிம்பில் சமப்படுத்தி வைத்து, ஒரு நுனியில் மாத்திரைப் பக்கற்றால் தொட்டேன். பேனை சரிந்தது. இடப்பக்கம் திரும்பும்போது ஒரு கார் வீட்டுக்குள்ளிருந்து பின்னால் வந்தது. நான் நிறுத்தினேன். அந்த நேரம் பின்னால் இருக்கிறவர் கொஞ்சம் அசைந்தாலும் புவியீர்ப்பு மையம் வெளியே போய்விடும். சின்ன அசைவு போதும். ரதி பயந்து அசைந்திருப்பாள். அது இயற்கை, யாருடைய குற்றமும் இல்லை.

தாதியும் நின்று பார்த்துத் தலையாட்டினாள். ரதி கிளாசையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"ஓம். நான்தான் அசைஞ்சிருப்பன்."

நல்லாய் விளங்கப்படுத்தினேன் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். எழுதி வைக்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

25.5.96, சனி

கிளட்ச் பிடி. அலுமினியத்தைக் குளிரில் வளைத்தால் முறியும். சூடாக்கி வளைக்க வேண்டும். ஆனால் அது இரும்பு மாதிரிச் சிவந்து காட்டாது, ஒரேயடியாக உருகிவிடும். அதற்கு வழி: சவர்க்காரத்தைப் பூசிவிட்டுக் காஸ் அடுப்பில் மெல்லப் பிடிப்பது. சவர்க்காரம் கறுத்தால் சூடு போதும். நான் படிப்பித்த காலத்தில் வகுப்பில் இதைச் செய்துகாட்டினால் கடைசி வாங்குக்காரரும் எழும்பி முன்னுக்கு வருவார்கள்.

இன்று சவர்க்காரம் கறுக்கும்வரை எனக்குப் பொறுமை இருக்கவில்லை. இடுக்கியில் வைத்து அழுத்தினேன். டக்கென்று முறிந்தது.

27.5.96, திங்கள்

பிசியோ செய்கிற பெண் இரண்டாம் தடவையாக ரதியை எழுப்பி நிறுத்தப் பார்த்தாள். கட்டில் ஓரத்தில் இருந்தாள், நடக்கிற சட்டத்தைப் பிடித்தாள், அவ்வளவுதான். எழும்பவில்லை. கை வெள்ளையாகும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"நோகுதோ?"

"இல்லை."

"அப்ப?"

"அசைஞ்சால் விழுந்திடுவன்."

பயம். சைக்கிளில் விழுந்த பிள்ளை மறுநாள் ஏற மறுப்பதில்லையா, அதுதான். ஒரு கிழமையில் போய்விடும் என்று பிசியோவுக்குச் சொன்னேன்.

30.5.96, வியாழன்

பழைய வண்டிகளைக் கழற்றி விற்கிற இடத்தில் பாஸ்கரன் ஒரு கிளட்ச் பிடி பிடித்துவந்தார். வேறு வண்டியினுடையது, பொருந்துகிறது. கொஞ்சம் நீளம்.

"அம்மா எப்படி இருக்காங்க சார்?"

"எழும்புறாவில்லை."

"பயம் சார். எங்க வீட்டுல மீனாட்சி ஒரு தடவை ஸ்கூட்டர்ல இருந்து விழுந்துட்டு, ஒரு வருஷம் என்கூட வெளியவே வரலை. நிம்மதியா இருந்தேன்." சிரித்துவிட்டு, நான் சிரிக்காததைக் கண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

கால்மிதியை இரும்புக் குழாய் மாட்டி நெம்பி நிமிர்த்தினேன். அது இரும்பு, சொன்னபடி கேட்டது.

2.6.96, ஞாயிறு

டாங்கியைக் கழற்றி, பெற்றோலை வடித்துவிட்டு, பள்ளத்தின் மேல் கொதிநீர் ஊற்றி, சிங்க் அடைப்பு எடுக்கிற ரப்பரை வைத்து இழுத்தேன். ஏழாம் தரம் 'பொக்' என்று முக்கால்வாசி வெளியே வந்தது. மிச்சம் வராது. நிறத்துக்கு தெருமூலைச் சில்லறைக் கடையில் அரக்கு நிற நகப்பூச்சு ஒன்று வாங்கினேன். கடைக்காரப் பெண் என் நகங்களைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் எங்கள் ஊர் ஜெயரட்ணமும் மனைவியும் வந்திருந்தார்கள். ரதி அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் நான் உள்ளே போனேன்.

"என்ர பிழைதான். நான் சும்மா இருந்திருந்தால் ஒண்டும் நடந்திராது. பாவம் இவர், இந்த வயதில ரெண்டு பஸ் மாறி வாறார்."

"மாஸ்டர் எவ்வளவு காலம் ஓடினவர். அவர் கவனமான ஆள்" என்றார் ஜெயரட்ணம்.

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது என்றுதான் அப்போது இருந்தது.

5.6.96, புதன்

டாக்டர் என்னையும் கௌரியையும் தனியறைக்குக் கூப்பிட்டார். எலும்பில் குறையில்லை, ஆணி நன்றாக இருக்கிறது. ஆனால் கால் ஊன்ற வேண்டும். இன்னும் சில கிழமை இப்படியே கிடந்தால் தசை போய்விடும், பிறகு நடப்பது கடினம், இந்த வயதில் நெஞ்சிலும் சளி பிடிக்கும். மிச்சத்தை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மவுண்ட் வெல்லிங்டனுக்குத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாளாம் கௌரி. அங்கே படி இல்லை. பிசியோ வீட்டுக்கு வருவாளாம்.

"நானும் வரட்டோ?"

"அறை காணாது அப்பா. அம்மா நடந்தாப் பிறகு பாப்பம்."

நடந்த பிறகு. அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

9.6.96, ஞாயிறு

நேற்றோடு வேலை முடிந்தது. கண்ணாடி பூட்டினேன், சிக்னல் லைட்டைச் சொலூஷன் போட்டு ஒட்டி வயரை இணைத்தேன். ஓட்டமாட்டேன் என்று கௌரிக்குச் சொல்லியாயிற்று. ஆனாலும் திருத்திய பொருளைச் சோதிக்காமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. காலையில் கராஜிலிருந்து வெளியே எடுத்தேன்.

என்ஜினைப் போடாமல் ஏறி இருந்து, வாசல் சரிவில் உருளவிட்டேன். கீழே இடப்பக்கம் புல்லுக்குத் திருப்பி, நிறுத்துவதற்குக் கைப்பிரேக்கைப் பிடித்தேன். வண்டி இடப்பக்கம் அப்படியே தலையைப் போட்டது. இடது காலைக் குத்தி, உயிரைக் கொடுத்துத் தாங்கினேன்.

பின்னால் யாரும் இருக்கவில்லை.

கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே நின்றேன். பிறகு, ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு எடுக்கக்கூடாது என்று எனக்கே சொன்னேன். முப்பத்துமூன்று வருடம் மற்றவர்களுக்குச் சொன்னதுதான். இரண்டு காரணம் சேர்ந்திருந்தால் ஒன்றை நீக்கிப் பார். தேத்தண்ணி கசந்தால் தேயிலை கூடினதோ சீனி குறைந்ததோ என்று எப்படித் தெரியும்? ஒன்றை மாற்று, மற்றதை அப்படியே விடு.

பாஸ்கரனிடம் இருபது கிலோ அரிசிச் சாக்கு இரண்டு இரவல் கேட்டேன். என்னிடம் ஒன்று இருந்தது. மூன்றும் சேர்ந்தால் ரதியின் எடை, கொஞ்சம் முன்பின்.

"சமையலா சார், சர்வீஸா?" என்றார். அவரே தூக்கிவந்து கட்டவும் உதவினார். ஏன் என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டார்.

புல்லில் பழைய மெத்தையைப் போட்டேன். சாக்குகளைப் பின் சீட்டில் இடப்பக்கம் சரிந்திருக்கக் கட்டினேன், அவள் இருக்கிற மாதிரி.

முதலில் சாக்குகளோடு இடப்பக்கம் திருப்பி, பின் பிரேக்கை மட்டும் மிதித்தேன். நின்றது. மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் நின்றது. அடுத்து, கயிற்றைத் தளர்த்தி, திரும்பும்போது சாக்கு சரியும்படி விட்டேன். சரிந்தது. வண்டி ஒரு ஆட்டம் ஆடியது, காலை ஊன்ற நின்றது. பிறகு சாக்குகளை இறக்கிவிட்டு, வெறும் வண்டியில் திருப்பி, வழக்கமாக நான் பிடிக்கிற மாதிரி முன் பிரேக்கைப் பிடித்தேன்.

மெத்தையில் கிடந்தது. மறுபடி தூக்கிச் செய்தேன். மறுபடி மெத்தையில்.

வழக்கமாக நான் பிடிக்கிற மாதிரி. நாலு விரலாலும், அள்ளி. அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். யாழ்ப்பாணத்தில் என் ஹொண்டா தொண்ணூறு, பொருளாதாரத் தடைக்காலத்தில் முன் பிரேக் கட்டை தேய்ந்து, மாற்றக் கட்டை இல்லாமல், இருக்கிற பலம் எல்லாம் போட்டு இழுத்தால்தான் சாதுவாகப் பிடிக்கும். மூன்று வருடம் அப்படி ஓடினேன், மண்ணெண்ணெயும் ஊற்றி. கை அதைப் படித்துக்கொண்டது. இந்த வண்டியில் இரண்டு விரல் போதும். நேரே போகும்போது கூடப் பிடித்தாலும் வண்டி தாங்கும். ஹாண்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டு அள்ளிப் பிடித்தால் முன் சில்லு அப்படியே நிற்கும், வண்டி திரும்பிய பக்கம் விழும். பௌதிகம் படிப்பித்தவனுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்?

அவள் அசையவில்லை. அசைந்தாலும் ஒன்றுமில்லை.

10.6.96, திங்கள்

கௌரி வீட்டுக்குப் போகவில்லை. மழை என்று போனில் சொன்னேன். மழை இல்லை.

11.6.96

இன்றும் போகவில்லை.

13.6.96, வியாழன்

ஒரு தரம் விடைத்தாள் திருத்தும்போது, சரியாக எழுதிய பிள்ளைக்கு நான் பிழை போட்டுவிட்டேன். மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் 'என்னில்தான் பிழை' என்று சொல்லிப் புள்ளியைத் திருத்தினேன். பெருமையாகக்கூட இருந்தது. அதை எத்தனை பேருக்கு உதாரணமாகச் சொல்லியிருப்பேன்.

அது லேசு. அந்தப் பிள்ளை வீட்டை போய்ச் சாப்பிட்டு நித்திரை கொண்டிருக்கும். இது அப்பிடியே? அவள் எழும்புறாள் இல்லை. பிசியோ வந்தால் சுவர்ப்பக்கம் திரும்புறாளாம். கௌரி சொல்லுறாள், 'அம்மாவுக்குத் தன்ர உடம்பில நம்பிக்கை இல்லை அப்பா, என்னெண்டு வந்தது எண்டு தெரியேல்லை' எண்டு. எனக்குத் தெரியும். நான் போட்டது. பேனையும் கிளாசும் வைச்சு, கட்டிலடியில நிண்டு, ஆற அமரப் படிப்பிச்சுப் போட்டனான். நான் சொன்னால் அவள் நம்புவாள். எப்பவும் நம்பினவள். உலகத்தில எனக்கு வாய்ச்ச ஒரே நல்ல மாணவி—

சொன்னால் என்னை என்னெண்டு பார்ப்பாள்? சொல்லாவிட்டால் படுக்கையிலேயே போயிடுவாள். இதில யோசிக்க என்ன கிடக்கு? ஆனால் நாலு நாளாய் யோசிக்கிறன். நான் இப்பிடிப்பட்ட ஆள் எண்டு அறுபத்தாறு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது.

15.6.96, சனி

சொல்லிவிட்டேன்.

பின்னேரம் மூன்று மணி போல. கட்டிலில் தலையணை அடுக்கி இருத்தியிருந்தார்கள். முகம் சிறுத்துப்போயிருந்தது. கௌரி குசினியில் நின்றாள்.

"ரதி, நான் அண்டைக்குச் சொன்னது பிழை. நீர் அசைஞ்சதாலை விழேல்லை. நான் பிரேக்கைப் பிடிச்ச பிடியாலை விழுந்தது. சோதிச்சுப் பார்த்தனான். நீர் கல்லு மாதிரி இருந்திருந்தாலும் விழுந்திருக்கும்."

அரிசிச் சாக்கு, மெத்தை எல்லாம் சொன்னேன். சொல்லும்போது கை தானாகவே மேசையில் எதையோ எடுத்துக் காட்டத் தேடியது. மடியில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

"அப்ப நான் அசையேல்லையோ?"

"இல்லை."

"நான் அசைஞ்சது எனக்கு ஞாபகம் இருக்கே. கார் வர, நான் இந்தப் பக்கம் சரிஞ்சது. நல்லாய் ஞாபகம் இருக்கு."

"அது நான் சொன்னாப் பிறகு வந்த ஞாபகமாய் இருக்கும்."

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் எனக்கு அதைத் தெரியும், முப்பத்தொன்பது வருடம் பார்த்திருக்கிறேன். இது புதிய முகவரிக்கு வழி கேட்கிற ஆளைப் பார்க்கிற பார்வை.

"ஒரு மாதம் வாறவை போறவை எல்லாருக்கும் நான்தான் சொன்னனான். என்ர பிழை, என்ர பிழை எண்டு. நீங்களும் பக்கத்தில இருந்தனீங்கள்."

"அப்ப எனக்குத் தெரியாது ரதி."

"தெரியாமல்தானே அவ்வளவு விளங்கப்படுத்தினனீங்கள்."

நழுவிக் கிடந்த போர்வையை எடுத்து அவள் காலில் போட்டேன்.

"சரி. போட்டு வாங்கோ" என்றாள்.

வாசல்வரை கௌரி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். குடையை எடுத்துத் தந்தாள். "நாலு இருபத்தஞ்சுக்கு ஒரு பஸ் இருக்கு அப்பா."

17.6.96, திங்கள்

கௌரியின் போன். காலையில் பிசியோ வருமுன்னமே கட்டிலைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நின்றாளாம். ஒரு நிமிடம். கௌரி அழுதுகொண்டு சொன்னாள்.

"போனை அம்மாட்டைக் குடன் பிள்ளை."

அந்தப் பக்கம் ஏதோ மெல்லிய சத்தம். "படுத்திருக்கிறா அப்பா."

20.6.96, வியாழன்

சட்டத்தைப் பிடித்து எட்டு அடி. போனில் வரவில்லை.

29.6.96, சனி

போனேன். உறங்குகிறாள் என்றாள் கௌரி. கதவிடுக்கால் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். அவள் உறங்கும்போது வாய் கொஞ்சம் திறந்திருக்கும். இன்று மூடியிருந்தது.

6.7.96

பாஸ்கரன் மோட்டார் சைக்கிளைத் தெரு முனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "சார், ஷோரூம் வண்டி மாதிரி ஓடுது. எங்க விழுந்துச்சுன்னே தெரியலை." நகப்பூச்சு பூசிய இடத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் கேட்கிறாராம். கொண்டுபோகச் சொன்னேன். முன் பிரேக்கை இரண்டு விரலால் மட்டும் பிடிக்கச் சொல்லும்படி சொல்லிவிட்டேன்.

கராஜ் வெறிச்சென்று இருக்கிறது. சீமெந்தில் எண்ணெய்ப் பொட்டு ஒன்று. மண் போட்டுத் துடைக்கவில்லை.

21.7.96, ஞாயிறு

ஏவன்டேல் சந்தையில் ஜெயரட்ணம். "ரதியக்கா நல்லாய் நடக்கிறாவாம், மாஸ்டர். உங்களுக்கு இனி ஆறுதல்." ஓம் என்றேன். ஜெயரட்ணத்தின் மனைவி மரவள்ளிக்கிழங்கைத் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றாள், நிமிரவில்லை. அவளுக்கு ரதி சொல்லியிருக்கிறாள். சரி. சொல்லத்தான் வேண்டும்.

8.8.96, வியாழன்

கௌரி போனில் ஒரு பட்டியல் வாசித்தாள். உடுப்பு எல்லாம். பிரஷர் மாத்திரைப் பெட்டி. கண்ணாடியின் பழைய கூடு. தையல் மெசின்.

"தையல் மெசினுமோ?"

"ஓம் அப்பா. அம்மா கேட்டவா."

அம்மா நடந்தாப் பிறகு பாப்பம் என்றாளே என்று நினைவுபடுத்த வாயெடுத்தேன். எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

11.8.96, ஞாயிறு

பாஸ்கரன் காரில் கொண்டுபோய் விட்டார். பெட்டிகளை வாசலில் இறக்கிவிட்டு, காரிலேயே இருப்பதாகச் சொன்னார்.

மணியை அடித்தேன். உள்ளே காலடி கேட்டது. கௌரியின் நடை இல்லை. ஒரு அடி சாடையாக இழுத்து, மறு அடி உறுதியாக.

ரதியே வந்து கதவைத் திறந்தாள். சட்டம் இல்லை, கோலும் இல்லை.

"வாங்கோ" என்றாள்.

தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவள் முன்னே நடந்தாள். மூலையில் திரும்பும்போது என்னையறியாமல் ஒரு கையை விட்டு நீட்டினேன். தேவைப்படவில்லை. சுவரைக்கூடத் தொடாமல் திரும்பினாள். ஜன்னலோரம் ஒரு மேசை காலியாக்கி வைத்திருந்தது. "உதில வையுங்கோ" என்றாள். வைத்தேன். அவள் அறையில் கட்டில் ஒன்றுதான்.

கால் நோகிறதா என்று கேட்டேன். மழை நாளில் மட்டும் என்றாள். பிசியோ நிற்பாட்டியாயிற்று. கோயிலுக்குக் கௌரியோடு காரில் இரண்டு தரம் போயிருக்கிறாள். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

எழும்பினேன். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று குசினிக்குப் போனாள். வரும்போது இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல், கம்பளத்தின் மேல் நடந்து வந்தாள். நான் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நடை. எந்தப் பிசியோவும் முழுப் புள்ளி போடுவாள்.

வீட்டில் எனக்கு எப்போதும் காது உடைந்த பெரிய கோப்பையில்தான் தருவாள், பாதியைத் தான் குடித்துவிட்டு. இன்று சோசர் வைத்து, கரண்டி வைத்து, பக்கத்தில் இரண்டு பிஸ்கட்டும் வைத்துத் தந்தாள்.

சீனி எவ்வளவு என்று கேட்டாள்.